கடைசி இறுக்கம் கையால் இருக்கட்டும்: டயர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

டயர் கடை நடத்துகிறவர்களுக்கும், ஒர்க்‌ஷாப் முதலாளிகளுக்கும், அங்கே குனிந்து உட்கார்ந்து சக்கரம் மாட்டுகிற தம்பிகளுக்கும் வணக்கம்.

நானும் இந்தத் தொழிலில் ஊறியவன்தான். வெளியே நின்று குறை சொல்கிறவனின் கடிதமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பங்சர், டயர் மாற்றம், பிரேக் வேலை, பேரிங் வேலை என்று எதற்கு வண்டி வந்தாலும் முதலில் கழற்றுவது சக்கரத்தைத்தான். தினமும் கை பழகிய வேலை என்பதாலேயே அதில் கவனம் குறைந்துவிட்டது. சக்கரத்தைத் தூக்கி மாட்டி, காற்றழுத்தத்தால் நட்டை முறுக்கும் ஏர் கன்னை வைத்து ஓர் அடி அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறோம். நான் கேட்க வருவது இதுதான்: சக்கரம் ஹப்பில், அதாவது அதை மாட்டும் அச்சின் முகப்பில், நேராக உட்கார்ந்ததா என்று பாருங்கள், கடைசி இறுக்கத்தைக் கன்னிடம் விடாமல், அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். இதற்கு ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று விளக்கத்தான் மடல் கொஞ்சம் நீள்கிறது.

வண்டியின் எடையை, ஹப்பிலிருந்து நீட்டி நின்று நட் ஏறும் அந்த நாலைந்து ஸ்டட்டும் குறுக்கே தாங்கி நிற்கின்றன என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ‘தடியான ஸ்டட்டுதானே, என்ன ஆகிவிடும்’ என்ற அலட்சியம் அங்கிருந்துதான் வருகிறது. உண்மையில் ஸ்டட்டின் வேலை குறுக்கே தாங்குவது அல்ல, இழுத்துப் பிடிப்பது. நட்டை இறுக்கும்போது ஸ்டட் நீளவாக்கில் இழுபடுகிறது. அந்த இழுவிசை சக்கரத்தின் முகத்தை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தத்தால் வரும் உராய்வுதான் எடையையும் பிரேக்கையும் வளைவின் விசையையும் தாங்குகிறது.

ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மி.மீ. ஸ்டட்டில் சுத்தமான, எண்ணெய் படாத மரையோடு 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு) இறுக்கினால் அந்த ஸ்டட்டில் நாலு டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலான இழுவிசை நிற்கும். நாலு நட்டுக்கும் சேர்த்து 16, 17 டன். இரண்டு முகங்களுக்கு இடையே உராய்வு பத்தில் ஒரு பங்குதான் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒன்றரை டன்னுக்கு மேல் குறுக்கு விசை வந்தால்தான் சக்கரம் ஹப்பின் மேல் நகரும். சுமார் 1,200 கிலோ வண்டியில் நிற்கும்போது ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ இருக்கும். பள்ளத்தில் விழுந்தாலும் அவசரமாக பிரேக் பிடித்தாலும் கையிருப்பு மிச்சம் இருக்கிறது. சரியாக இறுக்கிய சக்கரம் இத்தனை பத்திரமானது.

ஆனால் அந்த இழுவிசை எதில் நிற்கிறது என்று பாருங்கள். இவ்வளவு இறுக்கியும் ஸ்டட் நீண்டது எவ்வளவு என்றால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஒரு தலைமுடியின் தடிமன்தான். நாலு டன்னும் அந்த முடியளவு நீட்சியில் நிற்கிறது. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் இருக்கிற துரு, சேறு, பெயின்ட் ஏதாவது ஓட்டத்தில் நசுங்கி முடியளவு மெலிந்துவிட்டால் இறுக்கம் அத்தனையும் போய்விடும். நட் அரைச் சுற்று கூடத் திரும்பியிருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், சக்கரத்தைக் கழற்றியதும் ஹப் முகத்தையும் ரிம்மின் பின்முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். அலுமினிய ரிம் என்றால் மெதுவாக, சுரண்டிவிடாமல். ஸ்டட்டின் அடியைச் சுற்றித்தான் துரு வளையமாகக் கட்டி நிற்கும், பிரஷ் அங்கே எளிதில் போகாது. அதை விட்டுவிடாதீர்கள். பிரேக் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினால் டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவிலும் இதே கதைதான். ரிம்முக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துத் தருகிறவர்களும் கேளுங்கள்: நட் உட்காரும் குழியிலும் பின்முகத்திலும் தடிமனாகப் பெயின்ட் ஏறினால் அது நாளாக ஆக நசுங்கும். அந்த இரண்டு இடத்தையும் மறைத்துவிட்டு அடியுங்கள்.

இறுக்கம் குறைந்தால் அடுத்து நடப்பது என்ன? முகங்கள் ஒன்றின் மேல் ஒன்று நூலளவு வழுக்கத் தொடங்கும். குறுக்காக இப்படி வழுக்கல் வந்துவிட்டால் போல்ட்டும் நட்டும் தானாகவே திருகிக்கொண்டு கழலும் என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். அதிர்வால் கழன்றது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்த அதிர்வு செய்வது இந்தக் குறுக்கு வழுக்கலைத்தான். இறுக்கம் போதுமான அளவு இருந்தால் வழுக்கல் இல்லை, வழுக்கல் இல்லையென்றால் கழலுவதும் இல்லை. ஒரு காலத்தில் கிரைஸ்லர் கார்களில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை ஸ்டட் போட்டார்கள், சக்கரம் சுற்றும் திசையால் நட் கழலக்கூடாது என்று. இன்றைய கார்களில் இரண்டு பக்கமும் வலது மரைதான். போதிய இறுக்கம் இருந்தாலே நட் நிற்கும்.

சக்கரம் நடு மையத்தில் உட்காருவது தனிக் கதை. நம் கடைகளில் அதிகம் குழம்புவதும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பெனி ரிம்மின் நடு ஓட்டை ஹப்பின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டில் சரியாகப் பொருந்தும்படி கடைந்திருப்பார்கள். ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில் அது 57.1 மி.மீ., மாருதி சுஸுகியின் சின்ன கார்களில் 54.1, ஹூண்டாயின் பெரிய கார்கள் பலவற்றில் 67.1. மாட்டும்போது அந்த உதடுதான் சக்கரத்தை மையத்தில் நிறுத்துகிறது, நட் இறுக்கிப் பிடிக்கிறது. வெளியே வாங்கும் அலாய் வீல் பல வண்டிகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக நடு ஓட்டையைப் பெரிதாக விட்டுச் செய்வார்கள், 73.1 மி.மீ. ரொம்பப் பரவலான அளவு. 54.1 உதட்டில் 73.1 ஓட்டை மாட்டினால் சுற்றிலும் ஒன்பதரை மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஹப் ரிங். ரிங் இல்லாமல் மாட்டினால் கூம்பு நட்டுகள் மட்டும்தான் சக்கரத்தை மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொறுமையாக, சக்கரம் தரையில் படாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் கூம்புகள் அந்த வேலையைச் செய்துவிடும். முதல் நட்டையே கன்னால் முழுக்க இறுக்கிவிட்டால் சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கி அங்கேயே நின்றுவிடும். மற்ற நட்டுகளை எப்படி இறுக்கினாலும் அது திரும்பி வராது.

அரை மில்லிமீட்டர் ஒதுங்கினால் என்ன என்று கேட்கலாம். டயரோடு சேர்த்து 18 கிலோ உள்ள ஒரு 15 அங்குலச் சக்கரம் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளிச் சுற்றினால், ரிம்மின் ஓரத்தில் 47 கிராம் எடை தப்பான இடத்தில் ஒட்டியிருப்பதற்குச் சமம். 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்க அது தாராளமாகப் போதும். கஸ்டமர் திரும்பி வருவார், பேலன்சிங் மிஷினில் ஏற்றுவோம், மிஷின் பூஜ்யம் காட்டும். காட்டத்தான் செய்யும். மிஷினில் ரிம்மை அதன் நடு ஓட்டையில் கூம்பு வைத்துப் பிடித்திருக்கிறோம், அங்கே மையம் சரி. வண்டியில் அதை மையப்படுத்துவது வேறு ஒன்று. மிஷின் சொல்வதும் உண்மை, கஸ்டமர் சொல்வதும் உண்மை. இதைப் புரிந்துகொள்ளாமல் டயர் கோளாறு என்று சொல்லி நல்ல டயரை மாற்றிய கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படி வேறொரு கடையில் மறுபடி மறுபடி பேலன்சிங் பார்த்தும் ஆட்டம் நிற்காத வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. முன் வலது சக்கரத்தைக் கழற்றி ஹப் முகத்தில் விரலை ஓட்டினேன். ஓரிடத்தில் நகம் தட்டியது. ஒரு ஸ்டட்டின் பக்கத்தில் துருச் செதில் ஒன்று, அரை மில்லிமீட்டர் இருக்கும், ரிம்மின் பின்முகத்தில் அதே இடத்தில் பளபளவென்று ஒரு தழும்பு. ஹப் முகம் ஒரு சாண் அகலம் கூட இல்லை, டயரோ அதைப்போல நாலு மடங்கு அகலம். ஹப்பில் அரை மில்லிமீட்டர் சாய்ந்தால் டயரின் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஆடும். உளியால் தட்டி எடுத்து, துடைத்து, முறையாக மாட்டியதும் ஆட்டம் போய்விட்டது. எடைக்கட்டி ஒன்றைக்கூட மாற்றவில்லை.

ஹப் ரிங் பற்றி ஒரு வார்த்தை. மாட்டும் நேரத்தில் மையம் பிடித்துக் கொடுப்பதுதான் அதன் முக்கியமான வேலை, இறுக்கிய பிறகு எடையைச் சுமப்பது முகங்களின் உராய்வு. எனவே பிளாஸ்டிக் ரிங்கும் வேலை செய்யும், ஆனால் பிரேக் அதிகம் சூடாகும் வண்டியில் உருகும். அலுமினிய ரிங் உருகாது, துருப்பிடிக்கும் ஹப்பில் ஒட்டிக்கொள்ளும், உதட்டைச் சுத்தம் செய்து கொஞ்சமே கொஞ்சம் கிரீஸ் தடவிப் போட்டால் ஒட்டாது. ரிம்மின் பின்முகத்திலும் நட் உட்காரும் இடத்திலும் அந்த கிரீஸ் படக்கூடாது. டயர் மாற்றும்போது கழன்று விழுந்த ரிங்கை மறந்து வண்டியை அனுப்பிவிடாதீர்கள், அது அடிக்கடி நடக்கிறது.

போல்ட் வட்டம், அதாவது ஸ்டட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம், கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று மாட்டிவிடுவது இன்னும் மோசம். 5 ஓட்டை 112-க்கும் 5 ஓட்டை 114.3-க்கும் வித்தியாசம் 2.3 மி.மீ.தான். நட்டைப் போட்டுக் கன்னால் இழுத்தால் உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளைந்து நிற்கும், நட் குழியில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டும். அந்த ஸ்டட் எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கஸ்டமர் எவ்வளவு ஆசையாக ரிம் வாங்கி வந்திருந்தாலும் ‘இது உங்க வண்டிக்குப் பொருந்தாது சார்’ என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

நட்டின் அடியையும் பாருங்கள். பெரும்பாலான வெளி அலாய்களுக்கு 60 டிகிரி கூம்பு. ஹோண்டாவின் கம்பெனி நட் உருண்டை அடி, ஃபோக்ஸ்வாகனின் கம்பெனி போல்ட்டும் உருண்டை. டொயோட்டாவின் பல அலாய்களுக்குத் தட்டை வாஷரோடு நீண்ட கழுத்துள்ள நட். உருண்டைக் குழியில் கூம்பு நட் போட்டால் மெல்லிய கோடாகத்தான் ஒட்டும். டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லிவிடும், ஆனால் அந்தக் கோடு நசுங்கியதும் இறுக்கம் போய்விடும். கம்பெனி ரிம்மை எடுத்துவிட்டு வெளி ரிம் போடுகிறவருக்கு நட்டையும் சேர்த்து மாற்றிக் கொடுங்கள், பழைய நட்டைப் பையில் போட்டுக் கையில் கொடுங்கள், ஸ்டெப்னிக்கு அதுதான் தேவைப்படலாம்.

மரையிலும் இதே போல ஒரு ஆபத்து இருக்கிறது. 12 மி.மீ. ஸ்டட்டிலேயே மரை இடைவெளி 1.25 உண்டு, 1.5 உண்டு. சுஸுகியும் நிசானும் 1.25, டொயோட்டாவும் ஹோண்டாவும் 1.5. மாற்றிப் போட்ட நட்டைக் கையால் சுற்றினால் இரண்டு மூன்று சுற்றில் பிடிக்கும், உடனே தெரிந்துவிடும். கன்னால் போட்டால் தெரியாது, அது மரையை அரைத்துக்கொண்டே உள்ளே போய்விடும். எந்த நட்டையும் முதலில் விரலால் சுற்றுங்கள் என்று நான் தம்பிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். விரலால் எத்தனை சுற்று போகிறது என்றும் கவனியுங்கள். ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும்: 1.5 மரையில் 8 சுற்று, 1.25 மரையில் பத்துக்கு ஒட்டி. அதற்குள் முட்டி நின்றால் ஏதோ சரியில்லை. சக்கரத்தை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் தடியான ஸ்பேசர் செருகிய வண்டிகளில் இது குறைந்துதான் இருக்கும்.

சரி, ஏர் கன்னுக்கு வருகிறேன். அது கெட்ட கருவி என்று நான் சொல்லவில்லை. கழற்றுவதற்கு அதை விட்டால் வேறு இல்லை. மாட்டும்போதும் குறைந்த வேகத்தில் நட்டை ஓட்டிக் கொண்டுபோய் ஒட்டவைப்பதற்கு உதவும். இறுக்குவதற்குத்தான் அது ஆகாது. 100 நியூட்டன் மீட்டர் கேட்கிற நட்டில் அரை அங்குல கன் 400, 500 வரைக்கும் சாதாரணமாகப் போய்விடும். காற்று அழுத்தம் குறைந்த நேரத்தில் அதே கன் 80-இல் நின்றுவிடும். சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான். கூடிப்போனால் ஸ்டட் தன் மீள்திறனைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடுகிறது, அடுத்த முறை நட் நடுவழியில் சிக்குவது அதனால்தான். ஐந்தில் ஒன்று 300, இன்னொன்று 90 என்று ஏறுமாறாக இருந்தால் ஹப்பும் டிஸ்க்கும் லேசாக நெளிகின்றன, சில ஆயிரம் கிலோமீட்டர் போன பிறகு பிரேக் பெடலில் துடிப்பு வருகிறது. அப்புறம் டிஸ்க் மாற்றச் சொல்கிறோம். ராத்திரி நேரத்தில் சாலையோரம் பங்சர் ஆகி நிற்கிற குடும்பம், வண்டியோடு வந்த சின்ன ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் நட்டைக் கழற்ற முடியாமல் தவிப்பதும் நம் கன்னால்தான்.

மரைக்கு எண்ணெய் விடுகிற பழக்கமும் இறுக்கத்தைக் கெடுக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் பாதி நட்டின் அடியில் உராய்வாகவும், நாற்பது சதவீதம் மரையில் உராய்வாகவும் போய்விடுகிறது, ஸ்டட்டை இழுக்கக் கிடைப்பது பத்து சதவீதம்தான். எண்ணெய் விட்டால் உராய்வு குறையும், அதே 100-இல் ஸ்டட்டின் இழுவிசை நாலு டன்னிலிருந்து ஐந்தரைக்கு மேல் கூடப் போகலாம். கையேடு வேறு மாதிரி சொன்னால் ஒழிய, மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும்.

முறை இதுதான். சக்கரம் தூக்கியிருக்கும்போதே எல்லா நட்டையும் விரலால் ஓட்டி, எதிரெதிராகக் கையளவு இறுக்கி, டயர் தரையில் பட்டும் படாமல் ஜாக்கை இறக்கி, டார்க் ரெஞ்சால் பாதி அளவுக்கு ஒரு சுற்று, முழு அளவுக்கு இன்னொரு சுற்று. நாலு ஓட்டை என்றால் குறுக்கு வாட்டம், ஐந்து என்றால் நட்சத்திர வாட்டம். அளவு வண்டிக்கு வண்டி மாறும்: பல டொயோட்டாக்களுக்கு 103, பல ஹோண்டாக்களுக்கு 108, ஃபோக்ஸ்வாகனில் பெரும்பாலும் 120. வண்டியின் கையேட்டில் இருக்கும், ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். ரெஞ்ச் ஒரு தடவை ‘டிக்’ என்றதும் நிறுத்துங்கள், சந்தேகத்துக்கு இன்னொரு தடவை இழுத்தால் அளவு கூடிவிடும். அதை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது 5,000 இழுப்புக்கு ஒரு முறை அளவு சரிபார்க்கக் கொடுங்கள், ஐஎஸ்ஓ 6789 தரமும் அதைத்தான் சொல்கிறது.

இதெல்லாம் பழைய வண்டிகளின் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 ஜூன் மாதம் டொயோட்டா தன் புத்தம்புதிய மின்சாரக் காரான பீஇசட்4எக்ஸை உலகம் முழுக்கச் சுமார் 2,700 வண்டிகள் திரும்ப அழைத்தது. ஹப் போல்ட்டுகள் ஓட்டத்தில் தளர்ந்து சக்கரமே கழலக்கூடும் என்பதுதான் காரணம். சரிசெய்து முடிக்கும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். இத்தனை சோதனைக்கூடம் வைத்திருக்கிற கம்பெனிக்கே போல்ட்டும் நட்டும் இவ்வளவு வேலை வைக்கிறது.

முதலாளிகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். அந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் தம்பிகளுக்குக் கொடுக்க வேண்டும். வரிசையில் வண்டி நிற்கும்போது ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று பின்னால் நின்று கத்தினால் எந்தப் பையனும் கன்னைத்தான் எடுப்பான், அவனைக் குறை சொல்ல முடியாது. பில்லில் எந்தச் சக்கரத்தை எவ்வளவு அளவில் இறுக்கினீர்கள், யார் இறுக்கினார் என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் கீழே, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் திரும்ப வாருங்கள், சும்மா ஒரு தடவை சரிபார்த்து அனுப்புகிறோம் என்று இன்னொரு வரி. புதிதாக மாட்டிய முகங்கள் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் படியும், அதனால்தான் இந்தச் சரிபார்ப்பு. திரும்பி வரும் வண்டியில் நட் லேசாக நகர்ந்தால் பரவாயில்லை. கால் சுற்று போனால் இறுக்கி அனுப்பிவிடாதீர்கள், கழற்றிப் பாருங்கள்.

தளர்ந்தே ஓடிய சக்கரம் வந்தால் அதன் அடையாளம் தெரியும்: நட்டைச் சுற்றித் துருத்தூள் கோடு கோடாக வழிந்திருக்கும், மெதுவாகப் போகும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும், ரிம் ஓட்டை முட்டை வடிவில் நீண்டிருக்கும். அந்த ரிம்மைத் திரும்ப மாட்டாதீர்கள். ஒரு ஸ்டட் உடைந்திருந்தால் அதன் சுமையைப் பக்கத்து ஸ்டட்டுகள் ஏற்று ஓடியிருக்கின்றன, அந்த ஹப்பில் உள்ள எல்லா ஸ்டட்டையும் மாற்றுங்கள். கஸ்டமர் முகம் சுளித்தால் உடைந்ததைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். உடைந்த முகத்தில் ஒரு பகுதி வழவழவென்றும் மீதி சொரசொரவென்றும் இருக்கும், வழவழப்பான பகுதி பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

வேலைக்குப் புதிதாக வரும் பையனுக்கு முதல் வாரத்திலேயே டார்க் ரெஞ்சைக் கையில் கொடுங்கள், கன்னை அப்புறம் கொடுக்கலாம். அளவு அட்டைக்காக எந்த வண்டியின் இறுக்க அளவாவது கிடைக்கவில்லை என்றால், தெரிந்த பக்கத்துக் கடைக்காரரையோ அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரையோ கேட்டு எழுதி வையுங்கள், ஊகித்து இறுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் உங்களோடு உள்ள ஒருவன்